சுதந்திர மனிதனை விற்கும் சந்தை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வல்லோன் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக. ஆமீன்.

 

ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பதற்காக நாம் கூடுகிறோம். பள்ளியின் கணக்கோடு மஹல்லாவின் நிலைமையையும் அன்றைய தினம் சிந்திப்பது நமது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள், வெளிநாட்டு வேலை என்ற பெயரால் இளைஞர்களை ஏமாற்றி அழைத்துச் சென்று, சிறை வைத்து, இணையவழி மோசடி செய்யும்படி அடித்து வேலை வாங்கும் கொடுமையாகும். பள்ளிவாசல் மேடையில் பேச வேண்டிய பொருள்தானா இது என்று சிலர் எண்ணலாம். உரையின் முடிவில் அவ்வெண்ணம் மாறும் என்று நம்புகிறோம்.

ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள ஒரு ஹதீஸின் கருத்தை முதலில் நினைவுகூர்வோம். மறுமை நாளில் மூன்று சாரார்க்கு எதிராகத் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் எச்சரிக்கின்றான். அவனது பெயரால் வாக்களித்துவிட்டு மோசடி செய்தவன் ஒருவன். சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் கிரயத்தை உண்டவன் இரண்டாமவன். கூலிக்கு ஆளை அமர்த்தி வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவன் மூன்றாமவன். இம்மூன்று பாவங்களையும் ஒரே கூரையின் கீழ் ஒன்றுசேர்த்துச் செய்யும் இடங்கள் இன்று உலகில் உள்ளன. அங்கே பொய் வாக்குறுதி தரப்படுகிறது, மனிதன் விற்கப்படுகிறான், அவனுடைய உழைப்பு கூலியின்றிப் பறிக்கப்படுகிறது. அடிமை வியாபாரம் பழைய வரலாறு என்று எண்ணிக் கொண்டிருக்கும் நாம் இதை அறிந்திருக்க வேண்டும்.

நடப்பது என்ன?

தாய்லாந்து நாட்டின் மேற்கு எல்லையில் மேசோட் என்றொரு ஊர் உள்ளது. அதற்கும் மியான்மர் நாட்டின் மியாவாடி நகருக்கும் இடையில் மோய் என்னும் சிறிய ஆறு ஓடுகிறது. கோடையில் நடந்தே கடக்கக்கூடிய ஆறு அது. அதன் மியான்மர் கரையில் கே.கே. பார்க், ஷ்வே கொக்கோ போன்ற பெயர்களில் உயர்ந்த மதில்களும் முள்வேலியும் ஆயுதக் காவலும் கொண்ட வளாகங்கள் எழுந்தன. கம்போடியாவின் சிஹானூக்வில் நகரத்திலும், லாவோஸ் நாட்டின் பொக்கேயோ மாகாணத்தில் உள்ள தங்க முக்கோணச் சிறப்புப் பொருளாதார மண்டலத்திலும் இத்தகைய இடங்கள் உருவாயின. மியான்மரில் குறைந்தபட்சம் 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இவ்வாறு பிடித்து வைக்கப்பட்டு மோசடி வேலையில் ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை கூறிற்று.

இவர்கள் எவ்வாறு அங்கே போய்ச் சேர்கிறார்கள்? முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஒரு விளம்பரம் வருகிறது. தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல ஆங்கிலமும் தட்டச்சும் தெரிந்தால் போதும், கைநிறையச் சம்பளம், தங்குமிடமும் உணவும் இலவசம், விமானச் சீட்டும் நிறுவனத்தின் பொறுப்பு என்று அது கூறுகிறது. இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில், துபாயிலும் இந்தியாவிலும் உள்ள ஏஜெண்டுகள் மூலமாகவே இந்த வலை விரிக்கப்படுவதைக் குறிப்பிட்டிருந்தது. துபாய் என்ற பெயர் நமக்கு அந்நியமானதன்று. வளைகுடாவில் வேலை முடிந்தோ வேலை கிடைக்காமலோ காத்திருக்கும் பிள்ளைகளிடம், அங்கேயே நேர்முகத் தேர்வும் தட்டச்சுத் தேர்வும் நடத்தி, பாங்காக்கிற்கு விமானம் ஏற்றி விடுகிறார்கள்.

பாங்காக்கில் இறங்கியதும் ஒரு வாகனம் வருகிறது. அலுவலகம் அருகில்தான் என்று சொல்லிப் பல மணி நேரம் பயணம் செய்ய வைத்து எல்லைக்குக் கொண்டுபோகிறார்கள். இருட்டில் ஆற்றைக் கடக்கிறார்கள். வேறொரு நாட்டிற்குள் விசாவின்றி வந்துவிட்டோம் என்பது அந்த இளைஞனுக்குத் தெரிய வரும்போது கடவுச்சீட்டும் கைப்பேசியும் அவனிடம் இருப்பதில்லை. அவனை அழைத்து வந்தவர் அவனுக்கான விலையைப் பெற்றுக்கொண்டு போய்விடுகிறார். அந்தத் தொகை முழுவதும் அவன் பெயரில் கடனாக எழுதப்படுகிறது. விமானச் சீட்டு, உணவு, படுக்கை, எல்லாமே கடன் கணக்கில் ஏறுகின்றன. போக வேண்டுமென்றால் பல இலட்சம் ரூபாய் கட்டிவிட்டுப் போ என்கிறார்கள். வேலைக்குப் பயன்படாதவன் வேறொரு வளாகத்திற்குக் கைமாற்றி விற்கப்படுகிறான், கடனும் கூடுகிறது.

அவனுக்குத் தரப்படும் வேலை என்ன? பல கைப்பேசிகளைக் கொடுத்து, அழகிய பெண்ணின் படத்தோடும் பொய்ப் பெயரோடும் கணக்குகளைத் தொடங்கச் செய்கிறார்கள். உலகின் ஏதோ ஒரு மூலையில் தனிமையில் வாழும் மனிதரிடம் அன்பாகப் பேசி நம்பிக்கையைப் பெற வேண்டும். வாரக்கணக்கில் பேசியபின் ஒரு போலி முதலீட்டுச் செயலியைக் காட்டிப் பணம் போடச் செய்ய வேண்டும். முதலில் சிறிய இலாபத்தைத் திருப்பிக் கொடுத்து, பின்னர் வீட்டை விற்றுப் போடும் அளவுக்குக் கொண்டுவந்து, முழுவதையும் சுருட்ட வேண்டும். பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது என்று இந்த முறைக்கு அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரத்திற்கும் மேலாக இந்த வேலை. குறித்த இலக்கை எட்டாதவர்க்கு அடியும், மின்சார அதிர்ச்சியும், உணவு மறுப்பும், இருட்டறையும் தண்டனைகளாகத் தரப்படுவதை மீண்டு வந்தவர்கள் பல நாடுகளிலும் ஒன்றுபோலக் கூறியிருக்கிறார்கள்.

இக்கொடுமை திடீரென முளைத்ததன்று. சீனச் சூதாடிகளை நம்பிக் கட்டப்பட்ட சூதாட்ட விடுதிகள் இப்பகுதிகளில் நிறைந்திருந்தன. 2019-இல் கம்போடியா இணையச் சூதாட்டத்தைத் தடை செய்தது. 2020-இல் கொரோனாவினால் எல்லைகள் மூடப்பட்டு விடுதிகள் காலியாயின. 2021 பிப்ரவரியில் மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் எல்லைப் பகுதிகளில் ஆயுதக் குழுக்களின் பிடி மேலும் இறுகியது. காலியான கட்டடங்களில் சூதாட்டக்காரர்கள் மோசடித் தொழிலைத் தொடங்கினார்கள். ஆயுதக் குழுக்கள் வாடகை வாங்கிக்கொண்டு காவல் நின்றன. சூதாட்டம் ஏன் ஹராமாக்கப்பட்டது என்று கேட்கும் இளைஞர்களுக்கு, ஒரு சூதாட்ட விடுதி எந்த எல்லை வரை வளரும் என்பதற்கு இதுவே போதுமான எடுத்துக்காட்டாகும்.

அரசுகள் செய்தவை

தமிழ்நாட்டில் இச்செய்தி பரவலாகத் தெரிய வந்தது 2022 செப்டம்பரில்தான். சுமார் 50 தமிழர்கள் உட்பட ஏறத்தாழ 300 இந்தியர்கள் மியான்மரில் சிக்கியிருப்பதாகவும் அவர்களை மீட்க வேண்டுமென்றும் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அவர்கள் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். தாய்லாந்திலும் மியான்மரிலும் உள்ள இந்தியத் தூதரகங்களின் முயற்சியால் அக்காலத்தில் வேறு பலரும் மீட்கப்பட்டனர். கம்போடியாவிலிருந்து சுமார் 250 இந்தியர்கள் திரும்ப அழைத்து வரப்பட்டிருப்பதாக 2024 மார்ச் மாத இறுதியில் மத்திய அரசு தெரிவித்தது. லாவோஸ் நாட்டிலிருந்து 635 பேர் பாதுகாப்பாகத் திரும்ப உதவியிருப்பதாக அங்குள்ள இந்தியத் தூதரகம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது.

2025 ஜனவரியில் சீன நடிகர் ஒருவர் தாய்லாந்திலிருந்து மியாவாடிக்குக் கடத்தப்பட்டு மீட்கப்பட்ட நிகழ்ச்சி உலகின் கவனத்தை ஈர்த்தது. அதன்பின், பிப்ரவரி 5 அன்று தாய்லாந்து அரசு எல்லைக்கு அப்பாலுள்ள பகுதிகளுக்கு வழங்கி வந்த மின்சாரம், எரிபொருள், இணையத் தொடர்பு ஆகியவற்றைத் துண்டித்தது. 7,000-க்கும் மேற்பட்டோர் வளாகங்களிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்டனர். ஆனால் அவர்களில் பலர் போதிய உணவும் மருத்துவமும் இன்றி எல்லையிலேயே வாரக்கணக்கில் காத்துக் கிடந்தனர். மார்ச் மாதம் இந்திய விமானப்படை விமானங்கள் மேசோட்டிலிருந்து முதலில் 283 பேரையும், அடுத்து 266 பேரையும் அழைத்து வந்தன. அவ்வாண்டு அக்டோபரில் கே.கே. பார்க் வளாகத்தில் மியான்மர் இராணுவம் நுழைந்தபோது 1,500-க்கும் மேற்பட்டோர் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடி வந்தனர். அவர்களில் இந்தியர்கள் சுமார் 500 பேர். நவம்பரில் முதலில் 270 பேரும், பின்னர் 197 பேரும் விமானப்படை விமானங்களில் தாயகம் திரும்பினர்.

தலைமைப் புள்ளிகள் மீதும் கை வைக்கப்பட்டது. கம்போடியாவின் பெரும் தொழில் குழுமம் ஒன்றின் தலைவரான சென் ஜி என்பவர் மீது 2025 அக்டோபரில் அமெரிக்க அரசு குற்றச்சாட்டு பதிவு செய்து, சுமார் 1,500 கோடி டாலர் மதிப்புள்ள பிட்காயின்களைக் கைப்பற்ற வழக்கிட்டது. 2026 ஜனவரியில் கம்போடிய அரசு அவரைக் கைது செய்து சீனாவிடம் ஒப்படைத்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் பாம்பன் என்ற ஊரின் மேயராக இருந்த ஆலிஸ் குவோ என்ற பெண்ணுக்கு மனிதக் கடத்தல் குற்றத்திற்காக 2025 நவம்பரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இவையெல்லாம் பாராட்டத்தக்க செயல்களே. எனினும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் கதவு உடைக்கப்பட்டால் முதலாளிகள் ஆட்களையும் கணினிகளையும் ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்திற்கு நகர்ந்து விடுகிறார்கள். கம்போடியாவில் 53 மோசடி வளாகங்களை ஆய்வு செய்த ஆம்னஸ்டி இண்டர்நேஷனல் அமைப்பு, அந்நாட்டு அரசு இவற்றை அறிந்தும் பாராமுகமாக இருந்ததாக 2025 ஜூனில் குற்றம் சாட்டியது. மீட்கப்பட்டவனும் பல நேரங்களில் சட்டவிரோதமாக எல்லை கடந்தவன் என்ற குற்றத்திற்கு ஆளாகிக் காவலில் இருந்தபின்தான் ஊர் திரும்ப முடிகிறது.

நமது நாட்டின் சட்டத்தில் குறையில்லை. அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு மனித வியாபாரத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்டோரைக் கடத்தியவனுக்குக் குறைந்தது பத்தாண்டு முதல் ஆயுள் வரை தண்டனை விதிக்கிறது. ஏமாற்றி அழைத்துச் சென்றிருந்தால், சம்மதித்துத்தானே போனான் என்ற வாதம் செல்லாது. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, பதிவு பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது.

ஆனால் நடைமுறையில் ஓர் ஓட்டை உள்ளது. பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளி வளைகுடாவுக்குப் போக இ.சி.ஆர். கடவுச்சீட்டின் அடிப்படையில் அனுமதி பெற வேண்டும். படித்த பட்டதாரிக்கு அந்தச் சோதனை இல்லை. படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்ற எண்ணத்தில் அமைந்த சட்டம் அது. இந்தச் சந்தையோ ஆங்கிலமும் கணினியும் தெரிந்த பட்டதாரியைத்தான் தேடுகிறது. அவனும் சுற்றுலாப் பயணியாகப் போகிறான். விமான நிலையத்தில் நிறுத்தி விசாரிப்பது கடைசிக் காவல் மட்டுமே. எனவே அவனை முதலில் நிறுத்திக் கேட்க வேண்டிய இடம் வீடும் மஹல்லாவும்தான் என்பதே நமது உரையின் சாரமாகும்.

மார்க்கத்தின் பார்வையில்

இங்கே இரண்டு வகை மழ்லூம்கள், அநீதி இழைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பணத்தைப் பறிகொடுத்தவர் ஒருவர்; அடிக்குப் பயந்து அந்தப் பணத்தைப் பறித்துக் கொடுத்தவன் மற்றொருவன். 2024-ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் மட்டும் பங்கு வர்த்தக மோசடிகளில் சுமார் 1,420 கோடி ரூபாயையும், டிஜிட்டல் கைது என்னும் மிரட்டலில் சுமார் 120 கோடி ரூபாயையும் நமது நாட்டு மக்கள் இழந்ததாக மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் தெரிவித்தது. இவற்றில் கணிசமான பகுதி கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளிலிருந்து நடத்தப்பட்டதாகவும் கூறியது. மகளின் திருமணத்திற்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்து வைத்த பணமெல்லாம் இவ்வாறு போயிருக்கிறது. ஆகவே திரும்பி வந்தவனைப் பற்றிப் பேசும்போது, இழந்தவரின் கண்ணீரை நாம் சிறிதாக எண்ணவில்லை.

எனினும் நிர்ப்பந்திக்கப்பட்டவனின் சட்டத்தை நமது இமாம்கள் தெளிவாக வகுத்திருக்கிறார்கள். ஃபிக்ஹு நூல்களில் இக்ராஹ் என்னும் தலைப்பின் கீழ் இது பேசப்படுகிறது. மக்காவில் அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்கள் தாங்க முடியாத சித்திரவதைக்கு ஆளாகி, நாவால் குஃப்ரின் வார்த்தையைச் சொல்லிவிட்டு அழுதவாறு வந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களை விரட்டவில்லை. உள்ளத்தின் நிலையைக் கேட்டறிந்து, ஈமானில் உறுதியாக இருக்கக் கண்டு, ஆறுதல் கூறினார்கள். ஈமானின் விஷயத்திலேயே நிர்ப்பந்தம் மன்னிக்கப்படுமானால், பிறர் பொருளின் விஷயத்தில் கேட்க வேண்டியதில்லை. உயிருக்கோ உறுப்புக்கோ உண்மையான ஆபத்து இருந்து, தப்பிக்க வேறு வழி இல்லாத நிலையில் பிறர் பொருளுக்கு விளைவித்த இழப்பின் பொறுப்பு, முடிவில் நிர்ப்பந்தித்தவனையே சாரும். ஒரு மனிதரைக் கொலை செய்ய மட்டும் எந்த நிர்ப்பந்தமும் அனுமதி ஆகாது.

ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு வரம்பு உண்டு. பயம் நீங்கிய இடத்தில் சலுகையும் நீங்கி விடுகிறது. உள்ளே இருந்துகொண்டே பங்குத்தொகைக்கு ஆசைப்பட்டவனும், வெளியே வந்தபின் தன் கூட்டாளிகளை அதே இடத்திற்கு அனுப்பிக் கமிஷன் பெற்றவனும் மழ்லூமாக இருந்து ழாலிமாக மாறி விட்டவர்கள். சிக்கியவனிடம், உனக்குப் பதிலாக இருவரைக் கொண்டுவந்தால் உன்னை விடுகிறோம் என்று சொல்வது அந்த முதலாளிகளின் வழக்கம். அது ஈமானின் கடுமையான சோதனை. தன் சிறையை இன்னொருவன் தலையில் ஏற்றிவிட்டு வெளியேற நமக்கு உரிமையில்லை.

நமக்குள் இருக்கும் வாசல்

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். வழிப்போக்கு வணிகக் கூட்டத்தார் அவர்களைச் சரக்காக மறைத்து எடுத்துச் சென்று சொற்ப வெள்ளிக் காசுகளுக்கு விற்றார்கள். ஆனால் அவர்களைக் கிணற்றில் போட்டவர்கள் அந்நியர்கள் அல்லர், உடன்பிறந்தோர். இந்த வரலாறு நமக்கு இன்று பெரும் படிப்பினையாக உள்ளது. மியாவாடியில் இருக்கும் முதலாளிக்கு நமது தெருவும் தெரியாது, நமது மொழியும் தெரியாது. அவனுக்கு இங்கே ஒருவர் தேவைப்படுகிறார். அவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். கூடப் படித்தவர், மச்சான் முறையுள்ளவர், முன்பு ஒருமுறை யாருக்கோ விசா எடுத்துக் கொடுத்தவர். அவர் சொன்னால் தவறாது என்று வீட்டார் நம்புகிறார்கள்.

ஆள் அனுப்பும் நமது சகோதரர்களிடம் ஒன்று சொல்கிறோம். நான் வேலைக்குத்தான் அனுப்பினேன், அங்கே நடப்பது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விசாரிக்காமல் ஒரு மனிதனை அனுப்பி அதற்காகப் பணம் வாங்குவது, அந்த மனிதனின் வாழ்வை விலையாகப் பெறுவதாகும். அந்தக் கமிஷன் ஹலாலா ஹராமா என்று நம்மிடம் கேட்பதற்கு முன்பாக, அந்த நிறுவனம் எங்குள்ளது என்று கேட்டீர்களா?

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. மோசடியில் பறித்த பணம் நேரே வெளிநாட்டிற்குப் போவதில்லை. இங்குள்ள வங்கிக் கணக்குகள் வழியாகவே கைமாறுகிறது. உங்கள் கணக்கைச் சில நாள்கள் கொடுங்கள், வரும் பணத்தில் இத்தனை விழுக்காடு உங்களுக்கு என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்கிறார்கள். சிம் கார்டு எடுத்துக் கொடுத்தால் பணம் தருகிறார்கள். நான் யாரையும் ஏமாற்றவில்லையே என்று அப்பிள்ளை எண்ணுகிறான். பாவத்திற்குத் துணைபோவதும் பாவமே என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. காவல்துறையும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

பிள்ளைகளை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. சபர் செய்து பொருளீட்டுவது நமது சமுதாயத்தின் நெடுநாளைய வழக்கம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய முன்னோர்களின் வழியில் வந்தவர்கள் நாம். சபராளியின் உழைப்பில்தான் நமது தெருக்களின் வீடுகள் எழுந்தன. ஆனால் ஊரில் தங்கிச் சிறிய வேலை பார்க்கும் பட்டதாரியை மதிக்காத பார்வை, கைக்கூலியாகவும் நகையாகவும் கேட்கப்படும் தொகைகள், திருமணத்திற்காக வாங்கிய வட்டிக் கடன், இவையெல்லாம் சேர்ந்து அந்த இளைஞனைக் கேள்வி கேட்காமல் விமானம் ஏறத் தூண்டுகின்றன. ரிஸ்கை அளப்பவன் அல்லாஹ். அவசரத்தை உண்டாக்குபவர்கள் நாம்.

ஜமாஅத் செய்ய வேண்டியவை

முதலாவதாக, வெளிநாட்டு வேலை என்று எவர் சொன்னாலும் புறப்படுவதற்கு முன் விசாரிக்கும் வழக்கத்தை மஹல்லாவில் ஏற்படுத்த வேண்டும். ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை ஈ-மைக்ரேட் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் கட்டணம் வாங்க அனுமதி இல்லை. வேலைக்குப் போகிறவனைச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்று சொன்னால், அந்த ஒரு சொல்லே திரும்பி வரப் போதுமான காரணம். வேலையின் தன்மையைத் தெளிவாகச் சொல்லாமல் தட்டச்சு வேகத்தை மட்டும் பார்ப்பதும், தகுதிக்கு மீறிய சம்பளத்தைக் கூறுவதும், செலவு முழுவதும் எங்களுடையது என்பதும் எச்சரிக்கைக்கான அடையாளங்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் ஐயங்களைக் கேட்டறியலாம். படித்த இளைஞர்கள் சிலரை இப்பணிக்கு நியமித்து, வெள்ளிதோறும் ஜும்ஆவிற்குப் பின் பள்ளி அலுவலகத்தில் அமரச் செய்யலாம் என்று நிர்வாகத்திற்கு ஆலோசனை கூறுகிறோம்.

இரண்டாவதாக, ஒரு பிள்ளை சிக்கிக்கொண்டான் என்று தெரிந்தால் அதை மறைக்கக் கூடாது. கௌரவம் போய்விடும் என்று எண்ணி, சொத்தை விற்று இரகசியமாகப் பணம் அனுப்பும் பெற்றோர் உண்டு. கைதியை விடுவிப்பது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. பெற்ற தாயின் தவிப்பை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் பணம் வந்தவுடன் விட்டுவிடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேலும் கேட்பார்கள், அல்லது விற்று விடுவார்கள். ஆகையால் உடனடியாக அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்திற்கும், காவல்துறைக்கும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். கடவுச்சீட்டின் நகல், கடைசியாகப் பேசிய எண், இருப்பிடத்தைக் காட்டும் செய்தி, ஏஜெண்டின் பெயர், பணம் செலுத்திய இரசீது ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஜமாஅத்தின் கடிதமும் நிர்வாகிகளின் உடனிருப்பும் அந்தக் குடும்பத்திற்கு மிகுந்த பலம் தரும்.

மூன்றாவதாக, திரும்பி வந்தவனை எவ்வாறு நடத்துகிறோம் என்பது. மோசடிக் கும்பலில் இருந்தவன் என்று டீக்கடையில் பேசுவதும், பெண் கொடுக்க மறுப்பதும், ஸஃப்பில் அவனுக்கு அருகில் நிற்கத் தயங்குவதும் ஒரு மழ்லூமை இரண்டாம் முறை அடிப்பதற்கு ஒப்பாகும். அவன் வாய் திறந்து பேசினால்தான் அடுத்த பிள்ளை தப்பிப்பான். வெட்கப்படுத்தினால் அவன் மௌனமாவான். ஏஜெண்டு தைரியமாகத் தொழில் நடத்துவான். போலீஸில் வாக்குமூலம் கொடுக்க அவனோடு செல்ல வேண்டும். அனுப்பியவர் நமது உறவினராக இருந்தாலும் அவரைக் காப்பாற்றச் சமரசம் பேசக் கூடாது. மீளாத கடனில் மூழ்கியிருந்தால், தகுதியை ஆய்ந்து, ஜகாத் பெறுவோரில் கடன்பட்டோர் என்ற பிரிவின் கீழ் பைத்துல்மாலிலிருந்து உதவலாம்.

நான்காவதாக, பணத்தை இழந்தோர்க்கும் ஜமாஅத் துணை நிற்க வேண்டும். மோசடி நடந்தது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்காமல் அழைத்தால் பணம் கைமாறுவதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. காணொலி அழைப்பில் வந்து உங்களைக் கைது செய்திருக்கிறோம் என்று எவன் சொன்னாலும் நம்ப வேண்டாம். டிஜிட்டல் கைது என்ற ஒன்று நமது நாட்டுச் சட்டத்திலேயே இல்லை. தனிமையில் வாழும் முதியோர்க்கும், கணவர் வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும் இதைப் பெண்கள் பகுதியில் விளக்கிச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

நிறைவாக, பெருமானார் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்டுகிறோம். யமன் நாட்டு வணிகர் ஒருவர் மக்காவுக்குச் சரக்கைக் கொண்டுவந்தார். அதை வாங்கிய ஊர்ப் பெரிய மனிதர் விலையைக் கொடுக்க மறுத்துவிட்டார். அந்நியருக்காக யாரும் பரிந்து பேசவில்லை. அவர் உரத்த குரலில் முறையிட்டபோது குறைஷிகளில் சில குடும்பத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடி, மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவருடைய உரிமை கிடைக்கும் வரை அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று பெயர் பெற்ற அந்த உடன்படிக்கையில் நாயகம் (ஸல்) அவர்களும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்தபின்னும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் தாம் இணங்குவதாகப் பெருமையுடன் கூறியிருக்கிறார்கள்.

அந்த உடன்படிக்கையில் இரண்டு செய்திகள் உள்ளன. அநீதி இழைத்தவர் ஊரின் செல்வாக்குள்ளவர்; அநீதிக்குள்ளானவர் வெளியூர்க்காரர். அப்படியிருந்தும் அவர்கள் நியாயத்தின் பக்கம் நின்றார்கள். இன்று நமது ஜமாஅத்தும் அத்தகைய தீர்மானம் ஒன்றை நிறைவேற்ற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். நமது மஹல்லாவிலிருந்து எந்தப் பிள்ளையும் விசாரிக்கப்படாமல் அனுப்பப்பட மாட்டான். ஆள் விற்றவர் யாராயினும் அவருக்கு ஜமாஅத் துணை நிற்காது. மீண்டு வந்தவன் எந்த மதத்தைச் சேர்ந்த அண்டை வீட்டுப் பிள்ளையாயினும் அவனுக்குக் கை கொடுப்போம் என்ற மூன்றும் அதில் இடம்பெறட்டும். தலைவர் அவர்கள் இதனைப் பொதுக்குழுவின் மஷூராவுக்கு வைப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

யா அல்லாஹ்! அந்நிய மண்ணில் மதில்களுக்குள் அடைபட்டிருக்கும் எல்லா மக்களையும் பாதுகாப்பாக அவர்களின் வீடு சேர்ப்பாயாக. எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான, கண்ணியமான ரிஸ்கை விசாலமாக்கித் தருவாயாக. ஏமாந்தோரின் துயரைத் துடைப்பாயாக. எங்கள் கைகளையும் எங்கள் வீடுகளையும் பிறர் கண்ணீரின் விலையிலிருந்து காப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.